எடைமேடை ஆபீஸ்: வருகைக் கருவி பிங் ஆகிறது, டேட்டா வரவில்லை, கேமராவும் வெளியிலிருந்து தெரியவில்லை (சுங்கை சிப்புட், மலேசியா)

#1 செக்ரோல்_சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். செம்பனைக் குலை எடை போடும் ஆபீஸில் நெட்வொர்க் இப்படி இருக்கிறது:

ஃபைபர் லைன் → இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் (192.168.0.1) → மைக்ரோடிக் ஹெக்ஸ் (எங்கள் சொந்த ரவுட்டர்). ஹெக்ஸின் உள்பக்க முகவரி 192.168.10.1. எடைமேடைக் கணினி 192.168.10.30, கேமரா ரெக்கார்டர் 192.168.10.20.

ஹெக்ஸின் 3-ஆம் போர்ட்டிலிருந்து வயர்லெஸ் பிரிட்ஜ் ஒரு ஜோடி, சுமார் 600 மீட்டர் தள்ளி, பிரட்டுக்களத்து (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) ஸ்டோருக்குப் போகிறது. அங்கே இன்னொரு சின்ன மைக்ரோடிக். அதன் ஆபீஸ் பக்க முகவரி 192.168.10.2, ஸ்டோர் பக்கம் 192.168.20.1. அதற்குப் பின்னால் விரல்ரேகை வருகைக் கருவி 192.168.20.15, போர்ட் 4370. பக்கத்து லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) வைஃபையும் அதிலிருந்துதான். இந்த இரண்டாவது ரவுட்டரில் நாட் (உள் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி அனுப்புவது) எடுத்தாகிவிட்டது, ஃபயர்வால் காலி, ரவுட்டிங் மட்டும். ஹெக்ஸில் 192.168.20.0/24-க்கு 192.168.10.2 வழியாக ஸ்டேட்டிக் ரூட் (கையால் எழுதிய வழி) போட்டிருக்கிறது.

மூன்று பிரச்சினை:
1. எடைமேடைக் கணினியிலிருந்து வருகைக் கருவி பிங் ஆகிறது, அதாவது கூப்பிட்டால் பதில் வருகிறது. சாஃப்ட்வேர் "இணைக்கப்பட்டது" என்று காட்டுகிறது, பிறகு அப்படியே நின்று டைம்அவுட் ஆகிறது. செக்ரோல் (வருகை, சம்பளப் பட்டியல்) போட முடியவில்லை.
2. ஹெக்ஸில் 8000, 554 போர்ட் இரண்டையும் ரெக்கார்டருக்கு ஃபார்வர்ட் செய்தும் (வெளியிலிருந்து வருவதை அங்கே திருப்பிவிட்டும்) வெளியிலிருந்து கேமரா தெரியவில்லை.
3. ஆபீஸ் வைஃபையில் இருந்துகொண்டு வெளி முகவரியைப் போட்டாலும் திறக்கவில்லை.

#2 வலைக்கண்ணி

தம்பி, தெளிவா எழுதியிருக்கீங்க, பாதி வேலை முடிஞ்சது. இப்போதைக்கு எந்த ரூலையும் தொடாதீங்க. கீழே உள்ளதைப் பார்த்து எழுதுங்க.

முதல்ல மூணு முகவரி. ஹெக்ஸில் ஐபி → அட்ரஸஸ் போய் 1-ஆம் போர்ட்டில் என்ன இருக்குன்னு பாருங்க. அப்புறம் நிறுவனத்து ரவுட்டரின் வேன் (வெளி இணைய) பக்கத்தில் என்ன இருக்குன்னு பாருங்க. கடைசியா பிரவுசரில் "என் ஐபி என்ன" தளம் ஒண்ணைத் திறந்து அது காட்டுறதை எழுதிக்கோங்க.

ஹெக்ஸில் 192.168, 10, இல்லன்னா 172.16-லிருந்து 172.31 வரைக்கும் ஏதாவது இருந்தா முன்னால இன்னொரு பெட்டி நாட் பண்ணுது, அதாவது இரட்டை நாட். நிறுவனத்து ரவுட்டரின் வேன் 100.64-லிருந்து 100.127-க்குள்ள இருந்தா அது சிஜிநாட், நிறுவனமே பலருக்கும் சேர்த்து நாட் பண்றது. பொது முகவரி உங்க கூரைக்குக் கீழேயே இல்லைன்னு அர்த்தம். அப்போ நீங்க எத்தனை ஃபார்வர்ட் போட்டாலும் ஒரு பாக்கெட் கூட உங்க வாசலுக்கு வராது. ஃபார்வர்ட் வேலை செய்யலைன்னு கேட்கிறவங்கள்ல பலர் பார்க்காம விடுற இடம் இதுதான்.

ரெண்டாவது, டிரேஸ்ரூட் (பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியா போகுதுன்னு காட்டுறது) ரெண்டு பக்கமும் வேணும். கணினியிலிருந்து 192.168.20.15-க்கு ஒண்ணு. ஸ்டோரில் ஒரு லேப்டாப்பை வச்சு அங்கிருந்து 192.168.10.30-க்கு ஒண்ணு. திரும்புற வழியைப் பார்க்காம இந்த மாதிரி கோளாறைப் பிடிக்கவே முடியாது.

#3 பால்மரம்77

ரவுட்டிங்கில் இறங்குவதற்கு முன் லிங்க் சுத்தமாக இருக்கிறதா பார்த்துவிடுங்கள். 192.168.10.1-லிருந்து 192.168.10.2-க்கு 1400 பைட் அளவில் 500 பிங். ஒன்று இரண்டு விழுந்தால் பரவாயில்லை. இருபது முப்பது விழுந்தால் முதலில் ஏணியை எடுங்கள்.

600 மீட்டரில் 5.8 கிகாஹெர்ட்ஸ் லிங்குக்கு நடுவழியில் அலை பரவும் வட்டத்தின் ஆரம் சுமார் 2.8 மீட்டர். அதில் குறைந்தது 60 விழுக்காடு, அதாவது 1.7 மீட்டர், நேர்க்கோட்டைச் சுற்றித் திறந்திருக்க வேண்டும். மட்டை நேர்க்கோட்டைத் தொடவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. செம்பனை ஆண்டுக்கு அரை மீட்டர் அளவில் வளரும். பொருத்தியபோது தெளிவாக இருந்த வழி நாலு வருடத்தில் மூடிக்கொள்ளும். வெயிலில் ஓடி, மழை பெய்ததும் லைன் இழுக்கிறது என்றால் ஈர மட்டைதான் காரணம்.

#4 செக்ரோல்_சிப்புட்

பார்த்துவிட்டேன்.

ஹெக்ஸின் 1-ஆம் போர்ட்: 192.168.0.101. நிறுவனத்து ரவுட்டரின் வேன்: பொது முகவரி. வெளித்தளம் காட்டுவதும் அதே எண்தான்.

லிங்க்: 500-க்கு 500 வந்தது, 2 முதல் 4 மில்லிசெகண்ட்.

கணினியிலிருந்து கருவிக்கு: 192.168.10.1, பிறகு 192.168.10.2, பிறகு 192.168.20.15.
ஸ்டோர் லேப்டாப்பிலிருந்து கணினிக்கு: 192.168.20.1, அடுத்து நேராக 192.168.10.30.

கருவியில் கேட்வே 192.168.20.1 என்று சரியாக இருக்கிறது. இன்னொன்று: ஆபீஸ் லேப்டாப் ஒன்றில் மட்டும் அதே சாஃப்ட்வேர் சில நேரம் வேலை செய்கிறது.

#5 கேபிள்_தம்பி

அண்ணே, ஹெக்ஸ் ஃபயர்வாலில் ஃபார்வர்ட் பகுதியில் "ட்ராப் இன்வாலிட்" ரூல் (வரிசையில் பொருந்தாத பாக்கெட்டைக் கீழே போடுறது) இருக்கும். அதை டிசேபிள் பண்ணுங்க, உடனே டேட்டா வரும்.

#6 தைப்பிங்_மழை

தம்பி சொன்னபடி செய்தால் வரும், மறுக்கவில்லை. ஆனால் ஆபீஸுக்கே காவல் நிற்கும் ரூலை ஒரு கருவிக்காக எடுக்க வேண்டாம். அந்த ரூல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அது ஏன் அந்தப் பாக்கெட்டைப் பிடிக்கிறது என்று பார்த்தால் கோளாறு தானே வெளியே வரும்.

டிரேஸ்ரூட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போகும்போது ஹெக்ஸ் வழியாகப் போகிறது. திரும்பும்போது ஹெக்ஸைத் தொடவே இல்லை. காரணம் எளிது. இரண்டாவது ரவுட்டருக்கு 192.168.10.2 என்று ஆபீஸ் நெட்வொர்க்கிலேயே ஒரு கால் இருக்கிறது. 192.168.10.30 அதற்குப் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டுக்குக் கேட்வே எதற்கு? நேராகக் கொடுத்துவிடுகிறது.

டிசிபி இணைப்பு ஒன்றை அடியடியாகப் பாருங்கள்.

கணினி சின் (இணைப்பு கேட்கும் பாக்கெட்) அனுப்புகிறது. அது ஹெக்ஸுக்கு வருகிறது, ஹெக்ஸ் தன் கனெக்ஷன் பட்டியலில் எழுதிக்கொண்டு ஸ்டோருக்கு அனுப்புகிறது. கருவி சின்-ஏக் (சரி என்ற பதில்) அனுப்புகிறது. அது நேராகக் கணினிக்குப் போய்விடுகிறது, ஹெக்ஸ் பார்க்கவில்லை. கணினிக்குப் பதில் கிடைத்துவிட்டதால் சாஃப்ட்வேர் "இணைக்கப்பட்டது" என்று காட்டுகிறது. இப்போது கணினி ஏக் (பதில் கிடைத்தது என்ற உறுதி) அனுப்புகிறது. ஹெக்ஸ் தன் பட்டியலைப் பார்க்கிறது: சின் போனது தெரியும், பதில் வந்ததாகப் பதிவில்லை, அதற்குள் ஏக் எப்படி வரும்? இன்வாலிட், கீழே போடு. பின்னால் வரும் டேட்டா பாக்கெட்டுக்கும் அதே கதி. நீங்கள் #1-இல் எழுதிய "இணைக்கப்பட்டது, பிறகு நிற்கிறது" என்பது எழுத்துக்கு எழுத்து இதுதான்.

பிங்குக்கு இந்த வரிசை கிடையாது. ஒவ்வொரு கேள்வியும் ஹெக்ஸுக்குப் புதிய பாக்கெட் மாதிரிதான், விட்டுவிடும். பதில் வேறு வழியாகப் போனாலும் அதற்குக் கவலையில்லை. அதனால் பிங் வருவதை வைத்து ரவுட்டிங் சரி என்று முடிவு கட்டக் கூடாது.

லேப்டாப்பில் சில நேரம் வேலை செய்வதற்கும் காரணம் உண்டு. பாக்கெட் வந்த போர்ட் வழியாகவே திரும்ப அனுப்ப வேண்டியிருந்தால், "இந்த முகவரிக்கு 192.168.10.2 இன்னும் கிட்டம், அங்கேயே கொடு" என்று ஹெக்ஸ் ஒரு ரீடைரக்ட் செய்தி அனுப்பும். சில கணினி அதை ஏற்றுக்கொள்ளும், சில தள்ளிவிடும். ஏற்றுக்கொண்டதற்கும் கொஞ்ச நேரத்தில் மறந்து போகும்.

உறுதி செய்ய: ட்ராப் இன்வாலிட் ரூலின் கவுண்டரைப் பூஜ்யமாக்கி, சாஃப்ட்வேரை ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு கனெக்ஷன்ஸ் பட்டியலில் 4370 வரியைத் தேடுங்கள். 5 வினாடியில் மறைந்துவிடும், கண் அங்கேயே இருக்கட்டும்.

#7 செக்ரோல்_சிப்புட்

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே. வரியில் நிலை "சின் சென்ட்", போன பாக்கெட் 1, வந்த பாக்கெட் 0. பிறகு மறைந்துவிட்டது. ட்ராப் இன்வாலிட் கவுண்டர் 0-லிருந்து 6 ஆனது.

#8 வலைக்கண்ணி

அப்போ நோய் உறுதி. மருந்து மூணு இருக்கு.

கணினியிலேயே 192.168.20.0-க்கு 192.168.10.2 வழின்னு நிரந்தர ரூட் போடலாம். ஒரு கணினின்னா சரி. நாளைக்கு ரெக்கார்டர், பிரிண்டர்னு வந்தா ஒவ்வொண்ணிலும் போடணும், பல கருவியில் அதுக்கு இடமே இருக்காது.

ஹெக்ஸில் 10-லிருந்து 20-க்குப் போறதை மாஸ்கரேட் பண்ணலாம். கருவிக்கு எல்லாமே 192.168.10.1 கேட்கிற மாதிரி தெரியும், அதனால பதிலும் ஹெக்ஸுக்கே வரும். வேலை செய்யும், ஆனா யார் கேட்டதுன்னு பின்னால லாக்கில் தெரியாது. இன்னைக்கு ராத்திரியே செக்ரோல் முடிக்கணும்னா இதைத் தற்காலிகமா வச்சுக்கோங்க.

சரியான மருந்து, ரெண்டு ரவுட்டருக்கும் நடுவில் தனி நெட்வொர்க். ஸ்டோர் ரவுட்டருக்கு ஆபீஸ் நெட்வொர்க்கில் கால் இருக்கக் கூடாது.

192.168.99.0/29 எடுத்துக்கோங்க. /30 போட்டா ரெண்டே முகவரி, வயர்லெஸ் பெட்டி ரெண்டுக்கும் இடமில்லாம போயிடும், அப்புறம் அதுக்குள்ள நுழைஞ்சு சிக்னல் பார்க்க முடியாது. /29-இல் ஆறு இருக்கு. ஹெக்ஸ் 99.1, ஸ்டோர் ரவுட்டர் 99.2, ஆபீஸ் பக்க வயர்லெஸ் 99.3, ஸ்டோர் பக்க வயர்லெஸ் 99.4. வயர்லெஸ் ரெண்டுக்கும் கேட்வே 99.1.

வரிசை ரொம்ப முக்கியம், தூரத்தில் உள்ளதிலிருந்து தொடங்குங்க. ரெண்டு ரவுட்டரோட கான்ஃபிகையும் முதல்ல எக்ஸ்போர்ட் பண்ணி லேப்டாப்பில் வையுங்க. ஸ்டோருக்கு நேரில் போங்க. லேப்டாப்பை ஸ்டோர் ரவுட்டரின் 20 பக்கத்தில் கேபிளில் செருகுங்க. முதல்ல ஸ்டோர் பக்க வயர்லெஸ் முகவரியை மாத்துங்க. அப்புறம் ரவுட்டரில் 192.168.10.2/24-ஐ எடுத்துட்டு 192.168.99.2/29, டீஃபால்ட் ரூட்டின் கேட்வே 192.168.99.1. இந்த நிமிஷத்திலிருந்து லயத்தில் நெட் இருக்காது, ஆபீஸ் பக்கம் முடியிற வரைக்கும். ஆளுங்க வேலைக்குப் போயிருக்கிற நேரமா பாருங்க.

ஆபீஸுக்கு வந்து முதல்ல அந்தப் பக்க வயர்லெஸ். அப்புறம் வின்பாக்ஸில் (மைக்ரோடிக்கை அமைக்கிற சாஃப்ட்வேர்) சேஃப் மோடைப் போட்டுட்டு, பிரிட்ஜ் → போர்ட்ஸ் போய் 3-ஆம் போர்ட்டை பிரிட்ஜிலிருந்து (ஹெக்ஸின் போர்ட்டுகளை ஒரே நெட்வொர்க்கா சேர்க்கிறது, வயர்லெஸ் பிரிட்ஜ் இல்லை) எடுங்க, அதில் 192.168.99.1/29 போடுங்க, 20.0/24 ரூட்டின் கேட்வேயை 192.168.99.2-ன்னு மாத்துங்க. ஏதாவது தப்பி வெளியே தள்ளப்பட்டா சேஃப் மோட் பழைய நிலைக்குக் கொண்டுவந்துடும். எல்லாம் சரின்னா சேஃப் மோடை மறக்காம எடுங்க, இல்லன்னா வின்பாக்ஸ் அறுந்ததும் செஞ்சது எல்லாம் போயிடும்.

#9 தைப்பிங்_மழை

அது நடக்கட்டும், கேமராவைப் பார்ப்போம்.

பிரச்சினை 2 இரட்டை நாட். வெளியிலிருந்து வரும் பாக்கெட் முதலில் நிறுவனத்து ரவுட்டரைத்தான் தட்டுகிறது. 8000 என்ற போர்ட்டை யாருக்குக் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது, அங்கேயே செத்துவிடும். ஹெக்ஸில் உங்கள் ஃபார்வர்ட் ரூலின் கவுண்டர் பூஜ்யத்திலேயே நிற்கும், பாருங்கள்.

பிரச்சினை 3 ஹேர்பின், அதாவது உள்ளேயிருந்து வெளி முகவரிக்குப் போய் உள்ளேயே திரும்புவது. அதுவும் வருகைக் கருவிக்கு வந்த அதே நோய். பொது முகவரிக்கு என்று கைபேசி அனுப்பிய பாக்கெட்டை ரவுட்டர் திருப்பி ரெக்கார்டருக்குக் கொடுத்தாலும், ரெக்கார்டர் பக்கத்திலேயே இருக்கும் கைபேசிக்கு நேராகப் பதில் சொல்லிவிடும். கைபேசி பொது முகவரியிடம் கேட்டது, பதிலோ 192.168.10.20-இடமிருந்து வருகிறது. யாரோ தெரியாதவர் என்று தள்ளிவிடும். ஹேர்பினுக்கு மாஸ்கரேட் ரூல் ஒன்று கூடுதலாக வேண்டும் என்பது இதனால்தான். உங்கள் அமைப்பில் பொது முகவரி முன் ரவுட்டரில் (நிறுவனத்து ரவுட்டரில்) இருப்பதால் ஹெக்ஸில் மட்டும் போட்டுப் பயனில்லை.

முன் ரவுட்டரை எடுத்துவிட்டு ஹெக்ஸே டயல் செய்வது ஒரு வழி. அப்படிச் செய்தால் விலேன் எண்ணை (ஒரே லைனில் சேவைகளைப் பிரிக்கும் எண்) நிறுவனத்திடம் கேட்டு (இங்கே யூனிஃபை ஃபைபர் நிறுவனத்து வீட்டு லைனில் இன்டர்நெட்டுக்கு 500) அதன் மேல் பிபிபிஓஇ க்ளையண்ட் (பெயர், பாஸ்வேர்டு கொடுத்து லைனில் நுழைவது) போட வேண்டும். புதிய பிபிபிஓஇ இன்டர்ஃபேஸை ஹெக்ஸின் "வேன்" பட்டியலில் கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் மாஸ்கரேட் பொருந்தாது, நெட் வராது. அதைவிட மோசம், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபார்வர்ட் ரூலும் பொருந்தாது. எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492. சோதிக்க விண்டோஸ் பிங்கில் துண்டாக்காதே என்ற எஃப் குறியுடன் 1464 பைட் அனுப்புங்கள், போக வேண்டும். 1465 போகக் கூடாது. சில தளம் மட்டும் பாதியில் நின்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் உங்கள் ஆபீஸ் தொலைபேசி அந்த ரவுட்டரின் பின்னால் செருகியிருந்தால் அதை எடுக்காதீர்கள்.

#10 செக்ரோல்_சிப்புட்

தொலைபேசி அதில்தான் இருக்கிறது அக்கா, எடுக்க முடியாது.

அண்ணே, 99 நெட்வொர்க் மாற்றியாகிவிட்டது. டிரேஸ்ரூட் போகும்போது 10.1, 99.2, 20.15. திரும்பும்போது 20.1, 99.1, 10.30. வருகைக் கருவி டேட்டா முழுதும் இறங்கிவிட்டது, செக்ரோல் ஓடுகிறது. மிக்க நன்றி.

ஆனால் லயத்துப் பக்கம் இன்டர்நெட் இல்லை என்கிறார்கள். அங்கிருந்து 8.8.8.8 பிங் ஆகிறது, 192.168.10.1-ம் பிங் ஆகிறது. எந்தத் தளமும் திறக்கவில்லை. அங்கே டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்வது) 192.168.10.1 என்று கொடுத்திருக்கிறது.

#11 கேபிள்_தம்பி

இது எனக்குத் தெரியும் அண்ணே. 3-ஆம் போர்ட் பிரிட்ஜில் இருந்தப்போ "லேன்" பட்டியலுக்குள்ள இருந்துச்சு. வெளியே எடுத்ததும் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஹெக்ஸின் டீஃபால்ட் ஃபயர்வாலில் இன்புட் பகுதியின் கடைசி ரூல், லேன் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து ரவுட்டருக்கு வர்றதை எல்லாம் தள்ளிடும். பிங்குக்கு மேலேயே தனி அனுமதி இருக்கு, அதனால பிங் வருது, டிஎன்எஸ் கேள்வி வராது. இன்டர்ஃபேஸஸ் → இன்டர்ஃபேஸ் லிஸ்ட் போய் 3-ஆம் போர்ட்டை லேனில் சேருங்க.

#12 வலைக்கண்ணி

சரியா சொன்னீங்க தம்பி. நான் #8-லயே எழுதியிருக்கணும்.

கேமராவுக்கு என் கருத்து: 8000, 554 ரெண்டையும் வெளியே திறக்கவே வேண்டாம். 2016-இல் மிராய்ங்கிற வைரஸ் பரவினது இந்த மாதிரி கேமரா, ரெக்கார்டர் பெட்டிங்க வழியாத்தான், கம்பெனி பாஸ்வேர்டை மாத்தாம வெளியே திறந்து வச்சதுங்க. ஹெக்ஸில் ரவுட்டர்ஓஎஸ் (அதன் இயங்குதளம்) 7 இருந்தா வயர்கார்ட் உள்ளேயே இருக்கு, வெளியிலிருந்து பூட்டின டனல் வழியா உள்ளே வர்றதுக்கு. திறக்க வேண்டியது யுடிபி 51820 ஒண்ணு மட்டும்.

முன் ரவுட்டரில் ஹெக்ஸுக்கு 192.168.0.101-ஐ டிஹெச்சிபியில் (முகவரி பங்கிட்டுக் குடுக்கிற இடம்) நிரந்தரமாக்குங்க, இல்லன்னா ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் எண் மாறி ஃபார்வர்ட் வேற யாருக்கோ போகும். யுடிபி 51820-ஐ அந்த முகவரிக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க. ஹெக்ஸில் வயர்கார்ட் இன்டர்ஃபேஸுக்கு 10.8.0.1/24, கைபேசிக்கு 10.8.0.2/32. அதை லேன் பட்டியலில் சேர்த்துடுங்க. இன்புட் பகுதியில் யுடிபி 51820 அனுமதி ரூல் கடைசித் தடை ரூலுக்கு மேலே இருக்கணும், கீழே கிடந்தா இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கைபேசியில் அலவ்ட் ஐபி (டனல் வழியா போக வேண்டிய முகவரிங்க) 192.168.10.0/24, 192.168.20.0/24, 10.8.0.0/24. கீப்அலைவ் (இணைப்பு மூடாம இருக்க அனுப்புற சின்ன பாக்கெட்) 25 வினாடி. பொது முகவரி மாறும்ங்கிறதால ஐபி → க்ளவுட்டில் டிடிஎன்எஸ்ஸை (மாறுற முகவரிக்கு மாறாத பெயர்) போட்டு அந்தப் பெயரை எண்ட்பாயிண்ட்டா குடுங்க. நாட்டுக்குப் பின்னால இருக்கன்னு எச்சரிக்கை காட்டும், ஆனா வெளி முகவரியைச் சரியா எடுத்துக்கும்.

லாஸ்ட் ஹேண்ட்ஷேக் (கடைசியா டனல் இணைஞ்ச நேரம்) காலியா இருந்தா இன்புட் ரூலின் கவுண்டரைப் பாருங்க. ஏறலைன்னா பாக்கெட் ஹெக்ஸுக்கு வரவே இல்லை, முன் ரவுட்டரைப் பாருங்க. ஏறுதுன்னா சாவி தப்பு. தப்பான சாவிக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது, பிழைன்னும் காட்டாது.

பழைய 8000, 554 ஃபார்வர்டை ஹெக்ஸிலிருந்து அழிச்சுடுங்க.

#13 செக்ரோல்_சிப்புட்

3-ஆம் போர்ட்டை லேனில் சேர்த்ததும் லயத்தில் நெட் வந்துவிட்டது, நன்றி தம்பி.

வயர்கார்டும் ஓடுகிறது. முதலில் ஹேண்ட்ஷேக் வரவில்லை. கவுண்டர் ஏறியது, சாவிதான் தப்பு: ஹெக்ஸின் பப்ளிக் சாவிக்குப் பதிலாகக் கைபேசியின் சாவியையே ஒட்டியிருந்தேன். இப்போது கேமரா ஆப்பில் 192.168.10.20 மட்டும்தான். ஆபீஸ் வைஃபையில் நேராகத் தெரிகிறது, வெளியே போனால் டனலைப் போட்டதும் தெரிகிறது.

கடைசிக் கேள்வி: ஃபைபர் அறுந்தால் 4ஜி சிம் ரவுட்டர் ஒன்றை வைக்கலாம் என்கிறார்கள். அப்போதும் இதே டனல் வருமா?

#14 தைப்பிங்_மழை

ஆபீஸிலிருந்து வெளியே போகும் வேலை எல்லாம் நடக்கும், வெளியிலிருந்து உள்ளே வருவது நடக்காது. சிம் லைன் பெரும்பாலும் சிஜிநாட்டுக்குப் பின்னால்தான். செருகியதும் அதன் முகவரியைப் பாருங்கள், 100.64-லிருந்து 100.127-க்குள் இருக்கும், அல்லது 10-இல் தொடங்கும்.

கட்டாயம் வேண்டுமென்றால் பொது முகவரி உள்ள விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஹெக்ஸும் கைபேசியும் இரண்டுமே அங்கே டயல் செய்யும்படி வையுங்கள். ஹெக்ஸ் பக்கம் கீப்அலைவ் 25 அப்போது கட்டாயம், இல்லாவிட்டால் சிஜிநாட் கதவை மூடிவிடும். விபிஎஸ்ஸில் 192.168.10.0/24, 192.168.20.0/24 இரண்டையும் ஹெக்ஸ் பியரின் (டனலின் மறுமுனைப் பதிவு) அலவ்ட் ஐபியில் எழுத வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் கேமரா வரும், வருகைக் கருவி வராது.